ராஜாவுக்குப் பரீட்சை

ஆடி 1, வெள்ளி
மழை இல்லை, ஒரே புழுக்கம். வேலை செய்யும் யூனிட்டுக்கு லீவு போட்டேன். அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, ரேவதியோடு வேலூர். தம்பி மகள், ஒன்பது வயது. அவள் அம்மா பஸ்ஸில் அடிபட்டுச் செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். மூன்று மாதமாகப் பேச்சே இல்லை.
அங்கே பேச்சு நின்றுபோன பிள்ளைகளுக்கான சென்டரில் ராஜா என்று ஒரு நாய். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகவே பழக்குகிறார்கள். அதைப் பழக்கும் மெர்சி டீச்சர் சத்தம் வரத் தட்டைக் கீழே போட்டார். அசையவில்லை. மூக்குக்கு முன்னால் பிஸ்கெட் வைத்து "விடு" என்றார். தொடவில்லை. நான்கூட அப்படி விரதம் இருந்ததில்லை. ஆனாலும் எனக்கு நாய் பயம். வெளியேதான் உட்கார்ந்தேன்.

ஆடி 5, செவ்வாய்
இன்றும் லீவு. சூப்பர்வைசர் முறைப்பு. "வெள்ளிக்கிழமையும் கேட்டா வேற ஆள் பாத்துக்குவேன்."
ரேவதி ராஜாவுக்கு முடி சீவினாள். கதவிடுக்கில் பார்த்தேன். அதன் காதில் ஏதோ முணுமுணுத்தாள். பேசினாள்.
டீச்சர்: "வெள்ளிக்கிழமை ராஜாவுக்கு டெஸ்ட்டு. பாஸானா வாரா வாரம் ரேவதிகூட இருக்கும்."
"பெயிலானா?"
"இந்த வேலைக்கு ஆவாதும்மா."
பைரவருக்கு வடை மாலை வேண்டுதல்.

ஆடி 8, வெள்ளி
யூனிட்டில் எனக்கு பாக்கெட் போடும் வேலை. மாட்டுத்தோலில் செய்த எலும்பு, வெளிநாட்டு நாய்கள் கடிக்க. பக்கத்தில் பாக்கெட் போடும் ஷாகிரா சிரித்தாள்: "இன்னாக்கா, நாய்க்குப் பரீட்சையா? எம் புள்ளையே பாஸ் ஆவல."
நேரமாகிவிட்டது. ரேவதியைத் தம்பி முன்னாலேயே கூட்டிப்போயிருந்தான். கை கழுவி, அதே புடவையில் பஸ் ஏறினேன்.
"எல்லாரும் உள்ள வாங்க, கூட்டத்துலயும் அது அடங்கி இருக்கணும்" என்றார் டீச்சர். போனேன். தட்டு, பிஸ்கெட், இரண்டிலும் ஜெயித்தது. பிறகு மூக்கைத் தூக்கியது. ரேவதி பக்கத்திலிருந்து எழுந்து நேராக என்னிடம். கையை நக்குகிறது, முந்தானையைக் கடிக்கிறது. "விடு ராஜா, விடு." கேட்கவே இல்லை.
பரீட்சை வைத்தவர் கேட்டார்: "எங்கம்மா வேலை செய்றீங்க?" சொன்னேன். யாரும் திட்டவில்லை. பெயில்.

ஆடி 9, சனி
மஞ்சள், எலுமிச்சை, சோப்பு. கையில் வாடை இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. பழகிப்போன மூக்கு. ரேவதி சாப்பிடவில்லை. விளக்கேற்றினேன். சாமியிடம் கேட்க வாய் வரவில்லை.

ஆடி 11, திங்கள்
டீச்சர் போன். ராஜாவை ஆற்காட்டில் ஒரு வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்களாம்.
ராத்திரி சோறு பிசைந்து ஊட்டப் போனேன். ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பேசினாள்.
"நீ ஏன் அத்தே உள்ள வந்த?"
தம்பி ஓடி வந்தான். "பேசிட்டாக்கா, பேசிட்டா." என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.