கால் நீட்டும் டாக்டரைப் பார்த்த நாள்

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன். பஸ்ஸில் என் கிளாஸ் பிள்ளைகள் எதிரிலேயே கண்டக்டர் எனக்கு அரை டிக்கெட் கொடுத்த அன்று, கால்களை நீளமாக்கும் ஆபரேஷனைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நேற்று டாக்டரிடம் அழைத்துப் போனார்.

எலும்பை வெட்டி, கம்பி பொருத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார்களாம். நடுவில் புது எலும்பு வளருமாம்.

"பல மாசம் வலி இருக்கும்மா. கால் நீளும், கை இதே நீளத்துலதான் இருக்கும்" என்றார் டாக்டர். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது அப்பா கேட்டார்: "இவளுக்கு எதுக்கு சார் வலி? என் கால்லேர்ந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வெச்சிட முடியாதா? நான் ஸ்டூல் போட்டுக்கினு வேலை செஞ்சுக்குவேன்."

அவரே என் உயரம்தான் என்று உனக்குத் தெரியுமே, அக்கா. டாக்டர் சிரிக்கவில்லை. அப்படிச் செய்ய முடியாது என்று மெதுவாகச் சொன்னார். பதினெட்டு வயது முடியட்டும், அதற்குள் நன்றாக யோசி என்று என்னிடம் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். மேலே தொங்கும் பிடி அப்பாவுக்கு எட்டவில்லை. தயங்கித் தயங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா, நல்லா புடிச்சுக்கோ."

என்ன முடிவு என்று கேட்காதே, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் பட்டாபிராமில் இறங்கும்வரை நான் அந்த ஆபரேஷனை நினைக்கவே இல்லை.

உன்
குட்டச்சி