பிழையான கிறில்

2009 மே, வியாழன் இரவு

இன்று கனடாவின் மார்க்கம் நகரில், சின்ன வாகனங்கள் செய்யும் எங்கள் மொடல் குழு கூடியது. வன்னியில் அண்ணர் ஓடும் ஜப்பான் வான் வண்டியை ஒரு சாண் நீளத்தில் செய்து கொண்டுபோயிருந்தேன். குழுவில் ஜெயந்தனுக்குக் கண் கூர்மை. தூக்கி முன்பக்கக் கம்பித் தட்டியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டான்.

“அண்ணை, உந்த முன் கிறில் பிழை. உது அடுத்த வருச வானின்ர.”

“பிழையில்லையடா. பழசு உடைஞ்சுபோக, எங்கட அண்ணர் கிடைச்சதைப் பூட்டினவர். ஊரிலை அப்பிடி ஒரு வான்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சண்டை முடிந்ததாம் என்று செய்தி வந்த பிறகு நானும் இன்றுதான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கொம்பியூட்டரில் ஒரு படம் காட்டினாள். வன்னிக் கடற்கரையில் சனம் விட்டுவிட்டுப் போன வாகனங்கள்.

“உங்கட அண்ணரின்ர வான் இதுக்குள்ளை நிக்குதோ?”

எல்லாமே ஒரே புழுதி நிறம். ஒரு லொறிக்குப் பின்னால் அந்தக் கிறில் தெரிந்தது.

“இல்லை,” என்றேன். அவள் படுக்கப் போய்விட்டாள்.

திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வானின் பக்கக் கதவு திறந்திருக்கிறது. அண்ணர் ஆக்கள் இறங்கித்தான் போயிருக்கிறார்கள். மொடலில் நான் அந்தக் கதவை மூடி ஒட்டிவிட்டேன். நாளைக்கு வெட்டித் திறக்கவேண்டும்.