உமி விழுந்த கண்

தை 4, செவ்வாய்

பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. டிஸ்பென்சரியில் 19 பேர். இருமல் 6, சொறி 2, பிள்ளை பேதி 2, மீதி ஒன்பதும் கண். அறுப்புக் காலம் வந்தால் இப்படித்தான். நெல் தூற்றும்போது உமி பறந்து கண்ணில் விழும். உடனே என்னிடம் வந்தால் என்ன? வரமாட்டார்கள். முதலில் முனியம்மாளிடம். நாக்கு நுனியால் துழாவி எடுத்துவிடுவாள், கெட்டிக்காரி. வாயில் எந்நேரமும் வெற்றிலை. அப்புறம் தாய்ப்பால், விளக்கெண்ணெய். எட்டாம் நாள் கண்ணில் பூ விழுந்ததும் கம்பவுண்டர் ஞாபகம் வரும்.

இன்றும் ஒருத்தன். கருவிழி மேல் அரிசி அளவு வெள்ளை. டாக்டர் புத்தூரிலிருந்து வாரம் இரண்டு நாள்தான் வருகிறார், மற்ற நாள் நானே எல்லாம். கத்திவிட்டேன். "கண்ண அவிச்சிக்கினு வந்து என் எதிர்ல நிக்கிறியா? போ வெளிய!" வரிசை கப்சிப். இவர்களுக்கு இப்படிச் சொன்னால்தான் ஏறும்.

தை 5, புதன்

கனகம் அவள் அண்ணன் களத்துக்குத் தூற்றப் போயிருக்கிறாள். பெண்டாட்டி இல்லாத சமையல், சோறு குழைந்துவிட்டது. டீக்கடையில் மாநில எல்லை பிரிக்கிற பேச்சு. எந்த ஊர் மெட்ராஸ் பக்கம், எந்த ஊர் ஆந்திராவிலேயே என்று. "நம்மூரு அந்தப் பக்கம் போச்சுன்னா கம்பவுண்டரு எந்தப் பக்கம்?" என்றான் கடைக்காரன். சம்பளம் வருகிற பக்கம் என்றேன்.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், வீட்டுக்குப் புளி.

தை 7, வெள்ளி

கண் 2 மட்டும். செவ்வாய்க்கிழமைச் சத்தம் வேலை செய்கிறது.

கனகம் வந்துவிட்டாள். முந்தானையை முக்காடாகப் போட்டிருக்கிறாள். கேட்டால் அடுப்புப் புகை என்கிறாள். ரசத்தில் உப்பில்லை.

தை 9, ஞாயிறு

லீவு. நேற்று கண் ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் கூடக் கேட்டார், "ஏமய்யா, கண்ணு கேஸே காணோமே?" என்று. ஊருக்குப் புத்தி சொல்லிவிட்டேன் சார் என்றேன். சிரித்தார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

தை 10, திங்கள்

காலையில் கனகம் வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்தாள். முக்காட்டை விலக்கிப் பார்த்தேன். வலது கண் ரத்தச் சிவப்பு. கருவிழியில் கடுகளவு வெள்ளை.

"எப்போ விழுந்துச்சு?"

"புதன்கெழம. அண்ணன் களத்துல."

"அஞ்சு நாளா? எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"வெளிய போன்னுடுவீங்க."

முனியம்மாளிடம் போயிருக்கிறாள். பால், எண்ணெய் எல்லாம் ஆயிற்று. கனகம் சொன்ன இன்னொன்று: "அங்க ஒரே கூட்டம். உங்க வரிசைல நிக்கிறவங்க பூரா அங்கதான் உக்காந்துக்கினு இருந்தாங்க."

கண் வரவில்லை என்று நான் எழுதியது இதைத்தான்.

தை 11, செவ்வாய்

முதல் பஸ். திருப்பதி. மலை இறங்கிய மொட்டைத்தலைகள் நடுவே பெரியாஸ்பத்திரிக்கு நடந்தோம். கனகம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள், பஸ்ஸில் கூட விடவில்லை.

கண் டாக்டர் வயதானவர். ஒரு சாய மருந்தை விட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புண் இருக்கிற இடம் மட்டும் பளிச்சென்று பச்சை. நேற்று கடுகு, இன்று மிளகு. எந்த வேலை என்று கேட்டார். சொன்னேன். கனகத்திடம் திரும்பி "ஏமம்மா, எப்புடு படிந்தி?" என்றார், எப்போது விழுந்தது என்று. அவள் தெலுங்கில் ஒன்று விடாமல் சொன்னாள். வீடு வந்த ராத்திரியே வலியில் தூங்காதது, என் குறட்டை கேட்டுக்கொண்டே சுவர் பக்கம் திரும்பிக் கிடந்தது, எல்லாம். அந்த மனிதர் ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை.

பெட் கொடுத்தார்கள். மணிக்கொரு சொட்டு.

தை 16, ஞாயிறு

லீவு போட்டு இங்கேயே. வார்டில் பக்கத்துக் கட்டில் கரும்பு வெட்டுகிறவர், சோகை இலை கிழித்த கண். அதற்கடுத்து மாட்டு வால் அடித்த கண். எல்லாம் சின்னக் காயம்தான், எல்லாம் நாள் கழித்து வந்தது.

கனகத்துக்கு வலி குறைவு. இட்லி இரண்டு தின்றாள். கட்டு பிரித்ததும் கையை நீட்டிக் கேட்டேன். "கை தெரியுது. விரலு தெரியல." புண் ஆறிவிடும், பூ நிற்கும் என்கிறார் டாக்டர். அந்தக் கண்ணில் பார்வை அவ்வளவுதானாம். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

தை 20, வியாழன்

ஊர் வந்தோம். டிஸ்பென்சரி: காய்ச்சல் 3, வெட்டுக்காயம் 1. கண் இல்லை.

தை 21, வெள்ளி

வெயில். காலையிலேயே சொட்டு மருந்தும் கொதிநீரில் போட்ட பஞ்சுத் திரியும் எடுத்துக்கொண்டு முனியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் எட்டுப் பேர். என்னைப் பார்த்ததும் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். உட்காருங்க என்றேன், நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"நாக்கு வேணாம் முனியம்மா. இந்தப் பஞ்சால எடு. உன் கைப்பக்குவம் எனக்கு வராது. எடுத்ததும் நான் சொட்டு விடறேன்."

என்னையே பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கை கழுவி, திரியை வாங்கிக்கொண்டாள். முதல் ஆளுக்கு இமையை மடித்து ஒரே இழுப்பில் உமி வந்தது.

வரிசையில் ஒரு பொம்பிளை கேட்டாள்: "உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு எப்டி கீது?"

"ஒரு கண்ணு போயிடுச்சு."

முனியம்மாள் கை நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னாலதான்," என்றேன். "எனக்கு பயந்துக்கினு அஞ்சு நாளு மறைச்சிட்டா."

கேட்டவள் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, தானே இமையை இறக்கிப் பிடித்து எனக்குக் காட்டினாள். நேற்று விழுந்ததாம்.