ஐஸ்கிரீம் டப்பாவில் இன்சுலின்

அண்ணே,

சிங்கப்பூர் செங்காங்கில் என் வீட்டுச் சமையலறை மேடையில் உங்கள் ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'மருந்து. தொடாதீங்க.' தூக்கிப்போட மனசு வரவில்லை. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இறந்த மறுவாரம், லிட்டில் இந்தியாவில் தேநீர் குடிக்கப் போனேன். என் கழுத்தில் தொங்கிய கிளினிக் அட்டையைப் பார்த்த கடைக்கார பாய், ஃப்ரிட்ஜில் குளிர்பானங்களுக்குப் பின்னாலிருந்து இதை எடுத்து நீட்டினார். "மிஸி, உங்க கிளினிக் மருந்துதான் இது. அண்ணன் மாசாமாசம் ஒண்ணு எடுத்துட்டுப் போவாரு. இப்ப ஆளையே காணோம் லா."

திறந்தால் இன்சுலின் ஊசிப் பேனாக்கள். சீட்டில் உங்கள் பெயர்.

"வீட்டுல வைக்காம இங்க ஏன் பாய்?"

"அவருக்கு ஏது வீடு? பாசிர் ரிஸ் பக்கம் அடுக்குமாடி புளோக் கீழதான் படுப்பாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது அண்ணே. மூன்று வருடம் உங்கள் சர்க்கரையைப் பார்த்த தாதிக்கு, நீங்கள் 'மிஸி' என்று கூப்பிட்ட எனக்குத் தெரியாது. தேநீர் ஆற்றுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

பாய் இன்னொன்றும் சொன்னார். மராமத்துக்காகக் கடையை இரண்டு மாதம் மூடியபோது, டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தீர்களாம். கடை திறந்ததும் மறுபடி கொண்டுவந்து வைத்தீர்களாம். நம் ஊர் வெயிலில் இரண்டு மாதம்! குளிரில் இருக்கவேண்டிய அந்த மருந்து செத்துத்தான் போயிருக்கும்.

அப்போதுதான் உங்கள் சர்க்கரை எகிறியது. செக்யூரிட்டி வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் என்ன கேட்டேன்?

"உண்மையச் சொல்லுங்க, ஊசி போடுறீங்களா இல்லையா?"

"வேளை தவறாம போடுறேன் மிஸி."

"அப்ப சர்க்கரை ஏன் ஏறுது? என்கிட்டயே கதை விடுறீங்களா?"

சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசித் தழும்புகளைக் காட்டினீர்கள். அப்போதும் நம்பவில்லை. பராட்டா, தே தாரிக் டீ என்று பட்டியல் போட்டுத் திட்டினேன். டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்ட வைத்தேன். கையில் மீதியிருந்த அதே மருந்தைத்தான், இன்னும் கொஞ்சம் அதிகமாக!

"வீட்டுல ஃப்ரிட்ஜ்லதான வைக்கிறீங்க?" என்றும் கேட்டேன். "ஆமா மிஸி" என்றீர்கள். ஏன் அண்ணே அந்தப் பொய்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாதத்துக்கு ஒரு பேனாவாகக் கொடுத்திருப்பேனே! ஆனால் 'வீட்டுல' என்று நானே ஆரம்பித்த கேள்விக்கு, கதவு திறந்து கிடக்க, பத்துப் பேர் காதில் விழ, ஒரு மனிதர் வேறு என்ன சொல்வார்?

உங்கள் கால்களைப் பரிசோதிக்க வரச் சொன்ன கடிதம், ஐசி அடையாள அட்டையில் இருந்த விலாசத்துக்கு, உட்லண்ட்ஸில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் உங்களை வெளியே அனுப்பி நாலு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் இறந்த பிறகு நான் போய்க் கேட்டபோது உறையைப் பிரிக்காமலேயே எடுத்துக் கொடுத்தார். நீங்கள் வராத அன்று எங்கள் கணினியில் பதிந்தது: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' என் விரல்கள்தான் தட்டின. காலில் புண் புரையோடி, அதுவே உங்களைக் கொண்டுபோனது.

இப்போது எங்கே தங்குகிறீர்கள் என்று எல்லாரிடமும் கேட்கிறேன். "ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்லையே மிஸி, வெளிய எத்தன பேர் வெயிட் பண்றாங்க!" என்று மேலதிகாரி சலித்துக்கொண்டார். "அப்ப ஃபார்ம மாத்துங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்தது. வரட்டும்.

போன வாரம் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்கம்மா?" என்றேன். ஒரு புளோக் கீழே என்று சொன்னார். ஒரு மாத மருந்து மட்டும் கொடுத்தேன். மீதியை எங்கள் மருந்தகத்திலேயே வைக்கச் சொன்னேன். அடுத்த தேதியைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன்.

கேட்க அரை நிமிடம் ஆனது அண்ணே. உங்களை நான் திட்டியது இருபது நிமிடம்.