செல்லரிக்காத ஏழாவது புத்தகம்

அண்ணே,

உசிலம்பட்டி டுட்டோரியல் வாத்தியார் வீட்டில் கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நேற்று என் கைக்கு வந்தது. கொடுத்தவர் அவருடைய வக்கீல். உபா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வாத்தியார் உள்ளே போய் நாலு மாதம் ஆகிறது. பட்டியலில் ஒரு புத்தகம் இருக்கிறது, தடை செய்யப்பட்ட ஓர் இயக்கத்தின் வரலாறு. அதன் முதல் பக்க நகலில் உங்கள் நூலக முத்திரை தெளிவாகத் தெரிகிறது.

இரவல் வாங்கியது என்கிறார் வாத்தியார். நூலகம் கழித்துவிட்ட புத்தகத்தின் முத்திரை இந்தப் பிரதிக்கு எப்படி வந்தது, இதைக் கொடுத்தது யார் என்று கேட்கிறது அரசுத் தரப்பு. அவர்களுக்கு ஆதாரம் உங்கள் கழிவுப் பதிவேடு. அந்தப் புத்தகத்தின் எண்ணுக்கு நேரே பச்சை மையில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "செல்லரித்தது."

நகலில் ஒரு துளைகூட இல்லை.

நீங்கள் அப்படி எழுதியதற்கு முந்தின நாள் மதியம், மப்டியில் வந்த போலீஸ்காரர்கள் இருவர் உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். நான் நாளிதழ் மேஜையில் இருந்தேன். ஒருவர் அரசியல் அலமாரியை விரலால் தட்டினார். "இதையெல்லாம் யாருண்ணே எடுத்துட்டுப் போறாங்க?"

"எங்க தம்பி, எல்லாரும் சமையல் புத்தகந்தான் கேக்குறாங்க."

சிரித்துக்கொண்டே போனார்கள். எழுத்தில் ஏதும் கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"எழுதிக் கொடுத்தா நீ நியூஸ் போட்ருவ மாப்ள. அதான் டீயக் குடிச்சுட்டுப் போறாங்க."

தடை இயக்கத்துக்குத்தான், அதன் வரலாற்றைச் சொல்லும் புத்தகத்துக்கு இல்லை என்றேன். "அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சொல்றது?" என்றீர்கள்.

மறுநாள் அலமாரியில் ஒரு சாண் இடைவெளி. ஏழு புத்தகங்களைச் செல்லரித்ததாக எழுதியிருந்தீர்கள். அலமாரியில் இருந்தவை ஆறுதான். ஏழாவது வாத்தியாரிடம் இருந்தது. "திரும்பி வந்ததும் கழிச்சுக்கிடலாம். ஒரே நாள்ல எழுதுனாத்தான் சந்தேகம் வராது," என்றீர்கள். பிறகு, நான் கேட்காமலே, "யாரு பேரையும் நான் சொல்லல," என்றீர்கள்.

கேட்காத கேள்விக்கு வரும் பதில் எனக்கு எப்போதும் உறுத்தும். அன்று மட்டும் மேற்கொண்டு கேட்காமல், மழை வருகிறது என்று கிளம்பிவிட்டேன். அந்த வாரமே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த மாதம் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உங்கள் உறுப்பினர்களில் வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை.

மற்ற நூலகங்களில் கடைசிப் பக்கச் சீட்டில் தேதி முத்திரையோடு சரி. நீங்கள் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் உறுப்பினர் எண் எழுதி, பச்சை மையில் கையெழுத்தும் போடுவீர்கள். "ஸ்டாம்ப யாரும் அடிச்சுக்கிடலாம் மாப்ள." புத்தகம் இரவல்தான் என்பதற்கு அந்தச் சீட்டுதான் இப்போது வாத்தியாருக்கு இருக்கும் ஒரே சாட்சி. ஆனால் அட்டையையும் முதல் பக்கத்தையும் நகலெடுத்தவர்கள் கடைசிப் பக்கத்தை எடுக்கவில்லை. விட்டுப்போனதா, விடப்பட்டதா, தெரியவில்லை.

அசல் புத்தகத்தைக் காட்டச் சொல்லும் மனு வரும் வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. சீட்டு இருந்தால் உங்கள் கையெழுத்தை அடையாளம் சொல்ல நான் கூண்டில் ஏறுவேன். அப்படியானால் பதிவேட்டில் இருப்பது என்ன என்று கேட்பார்கள். பொய் என்று சொல்லப்போகிறேன், அண்ணே.

நீங்கள் கேட்காமலே சொன்ன அந்த நாலு வார்த்தையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அது என்னிடமே இருக்கும்.