போன் கம்பெனியின் காரும் உன் அண்ணனும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு ஒழுங்காகவே இருக்கிறது, அப்பாவின் முழங்காலைத் தவிர. உன் அண்ணிக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த இடத்தில் தையல் பிரித்தாகிவிட்டது, எழுந்து நடக்கிறாள், வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அப்பா நடுவில் புகுந்து நாலு வார்த்தை பேசுகிறார், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

முதலில் உங்கள் கார். ஊழியர்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்லுங்கள் என்று உங்கள் கம்பெனி அனுப்பி வைத்த நாளிலிருந்து இந்தத் தெருவில் எங்களுக்கு இருக்கும் மரியாதையே தனி. கீழ்வீட்டுப் பல் டாக்டர் தினமும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, டிவி செய்கிறவன், வாஷிங் மெஷின் செய்கிறவன், இப்போது காரும் செய்கிறானா, அடுத்தது பல்லும் கட்டுவானா என்று கேட்கிறார். அப்பா முதல் நாளே தன் செல்போன் கடையிலிருந்து பெரிய ஸ்கிரீன் கார்ட் ஒன்றை வெட்டி எடுத்து வந்து காரின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய திரையில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டிவிட்டார். கார் ஏதாவது பேசினால் அவரும் மரியாதையாகப் பதில் சொல்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்தால் சீட் தானாக முன்னே வருகிறது, அவர் உட்கார்ந்தால் தானாகப் பின்னே போகிறது. கல்யாணமானதிலிருந்து நாங்கள் போட்டுவந்த ஒரு சண்டையை உங்கள் ஆட்கள் தீர்த்துவிட்டார்கள். பாட்டரியில் ஓடுகிற வண்டி, சத்தமே இல்லை, கிளட்சும் இல்லை. காலை எடுத்தாலே பிரேக் போட்டது மாதிரி வேகம் குறைகிறது. என்னிடம் டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் கிளட்ச்சோடு மல்லாடி அழுதவர்கள், அவர்களை இதில் உட்கார வைத்தால் என் பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

உன் அண்ணன் மட்டும் பல வாரமாக அதன் பக்கமே வரவில்லை. உனக்குத் தெரியாததா. நீ போன் டிசைனை விட்டுக் கார் பிரிவுக்கு மாறப் போகிறேன் என்று சொன்ன அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் மறக்கவில்லை. போன் செய்றவங்களுக்குக் கார்னா சக்கரம் வச்ச போன்தான், ரெண்டு வருஷம் பாத்துட்டுக் கை கழுவிட்டுப் போயிடுவாங்க என்றான் அவன். உங்க எஞ்சின் ஃபேக்டரில தாத்தா காலத்து எஞ்சினுக்குத்தான் இன்னும் பாலிஷ் போட்டுக்கிட்டு இருக்கீங்க என்றாய் நீ. அன்றிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. அவன் உன் சம்பளத்தையோ பதவியையோ பார்த்துப் பொறாமைப்படவில்லை, அதை நீ நம்ப வேண்டும். அவன் லைனில் ஒவ்வொரு எஞ்சினும் அவன் கை பட்ட பிறகுதான் வெளியே போகிறது. தங்கை செய்யும் கார் ஓடினால் அவன் செய்யும் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை, எதையெதையோ சொன்னான்.

இனி அந்த மழை நாள். திரை அணைந்துவிட்டது, ஓரமாக நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்குப் போனில் உன்னிடம் சொன்னது பாதிதான். நீ அப்போதே அழுகிற குரலில் இருந்தாய், மீதியைச் சொல்ல மனம் வரவில்லை. நடந்தது இது. அண்ணியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய நாள், அண்ணன் வண்டி வொர்க்‌ஷாப்பில். வேறு வழியில்லாமல் உங்கள் காரில் வந்து ஏறினான், முன்சீட்டில் கைகட்டி, ஏதோ எதிரி வீட்டில் விருந்துக்கு வந்தவன் மாதிரி. அண்ணி பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். மேம்பாலத்தில் ஏறியதும் மழை கொட்டியது. வைப்பர் தானாக வேகம் எடுத்தது, இதைப் பார்த்தாயா என்று அவனிடம் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன், அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்தது. அதோடு வைப்பரும் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்தான். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடிக்கிறது. வைப்பரைப் போட ஒரு குமிழ் தேடுகிறேன், எல்லாமே அந்தத் திரைக்குள் இருக்கிறது, திரையோ இல்லை.

பிரேக் இருந்தது, ஸ்டியரிங் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து சடக்கென்று பிரேக்கை மிதிப்பார்கள், அங்கே மிதித்திருந்தால் லாரி எங்கள் மேல். அபாய விளக்குக்கு மட்டும் தனிப் பொத்தான் இருந்தது, அதைப் போட்டுவிட்டு மெதுவாகக் காலை எடுத்தேன். உன் அண்ணன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி இடுப்பு வரை வெளியே போய்விட்டான். நேரா வாம்மா, நேரா, இப்ப லேசா ஓரத்துக்கு, பயப்படாத, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்று மழைக்கு மேலே கத்திக்கொண்டே வந்தான். அவன் சொன்ன திசையில் திருப்பினேன், வேறு யோசிக்கவில்லை. பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினோம். லாரிக்காரர் கடந்து போகும்போது எங்களை ஏதோ திட்டிவிட்டுப் போனார், தப்பில்லை. நிறுத்தி மூச்சு விடுவதற்குள் திரை தானாக உயிர் பெற்று, உங்கள் கம்பெனி முத்திரை சுழன்று, ஒரு இனிமையான இசையோடு நல்வரவு என்றது. உன் அண்ணன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அண்ணி, ஐயோ யாரும் என்னைச் சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு அழுதாள்.

இனி அவன் உன்னையும் உன் கம்பெனியையும் கிழித்துத் தோரணம் கட்டுவான் என்று நினைத்தேன். கட்டவில்லை. துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே உங்கள் புகார் எண்ணுக்குப் போன் போட்டான். போனை எடுத்த பெண், ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார் என்று கேட்டாளாம். பாலத்து மேல, மழையில, லாரிக்கு முன்னாடியாம்மா என்றானாம். கடைசியில் அவள் இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டபோது மட்டும்தான் போனைச் சோபாவில் எறிந்தான். ஆனால் மறுநாளே உங்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டு, அண்ணனிடம் நெடுநேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் காருக்கு ஏதோ அப்டேட் வந்து இறங்கியது, திரை செத்தாலும் வைப்பர் நிற்காது, ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினாலும் ஓடும் என்று ஆகிவிட்டது. நீயும் உன் ஆட்களும் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் நிறுத்தி வைத்த காரில் தனியாக உட்கார்ந்து, அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தான். எங்க கம்பெனியா இருந்தா இதுக்கு ஒரு கமிட்டி போட்டு, அந்தக் கமிட்டிக்கு டீ வாங்க இன்னொரு கமிட்டி போட்டிருப்பாங்க என்றான். கொஞ்சம் கழித்து, இவ்வளவு சீக்கிரம் சரி பண்ண முடியும்னா, சரியா பாக்காமலே வெளிய விடவும் தைரியம் வந்துடும்மா, அதுதான் எனக்குப் பயம் என்றும் சொன்னான். இரண்டையும் அப்படியே எழுதிவிட்டேன்.

எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். போன் கம்பெனி நல்ல கார் செய்யுமா என்றால், செய்யும், ஓட்டினவள் சொல்கிறேன். ஆனால் காரை விற்ற பிறகும் கூடவே இருக்க வேண்டும் அல்லவா. பல் டாக்டர் ரிவர்ஸ் எடுக்கும்போது நம் பின்கதவில் இடித்துவிட்டார், அதைச் சரி செய்ய நீங்கள் சொன்ன சர்வீஸ் இடத்துக்குப் போனால் அது உங்கள் டிவிக் கடை. அங்கே இருந்தவர் ரொம்ப மரியாதையாக, கதவு எப்போது வரும் என்று தெரியாது மேடம், வாஷிங் மெஷினுக்கு வாரண்டி நீட்டிக்கிறீர்களா என்று கேட்டார். போன் பழசானால் டிராயரில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். காரை அப்படிப் போட எங்கள் வீட்டில் டிராயர் இல்லை. உங்கள் பெரியவர்கள் இதை யோசித்தால் பிழைப்பார்கள், யோசிக்காவிட்டால் அண்ணன் அன்று மேசையில் சொன்னதுதான் நடக்கும். நீ மீட்டிங்கில் இதைச் சொல், அம்மா சொன்னாள் என்று வேண்டாம், நீயே சொன்னதாகச் சொல்.

இப்போது முக்கியமானது. அண்ணன் ஃபேக்டரியில் எஞ்சின் லைனை நிறுத்தப் போகிறார்கள். அந்தக் கட்டடத்தில் இனி உங்கள் கம்பெனி காரைத்தான் அசெம்பிள் செய்யப் போகிறார்களாம், உங்களுக்குச் சொந்த ஃபேக்டரி போதவில்லையாமே. பழைய ஆட்கள் விலகிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பயிற்சிக்குப் போய்ப் புது லைனில் சேரலாம். அவன் நண்பர்களில் நிறையப் பேர் விலகுகிறார்கள். இவன் ஒரு சாயங்காலம் சமையலறைக்கு வந்து, நான் கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, அவங்க நெஜமாவே கார் செய்யப் போறாங்களா, இல்ல ஒரு ஆசைக்கு எறங்கியிருக்காங்களா, சின்னுகிட்ட கேளும்மா, நான் கேட்டேன்னு சொல்லாத என்றான். உன் பெயரை அவன் வாயால் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது. உன்னிடம் எப்படிக் கேட்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே அவன் முடிவு செய்துவிட்டான். நேற்று வந்து, புது லைனுக்கு ஒத்துக்கிட்டேன் என்றான். ஜெயிக்குமா என்று அப்பா கேட்டதற்கு, அது யாருக்குப்பா தெரியும், நான் போகலைன்னாலும் செய்யத்தான் போறாங்க, எனக்குத் தெரிஞ்சதை உள்ள போய்ச் சொன்னாலாவது கேப்பாங்க, ஒரு தடவை கேட்டாங்கல்ல என்றான். எதிரே நின்றிருந்த அண்ணி அவன் தோளில் கை வைத்தாள்.

பயிற்சி உன் ஊரில்தான், கண்ணு. உங்கள் தலைமை ஆபீஸில். அடுத்த மாதம் கிளம்புகிறான். உனக்குச் சொல்லவில்லை, சொல்ல வெட்கம். எங்கே தங்குவாய் என்று கேட்டேன், லாட்ஜ் தருவாங்க என்றான். தங்கச்சி வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கடா என்றேன். கொஞ்ச நேரம் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, அவ கூப்பிட்டா போறேன் என்றான்.

ஆகையால் இதைப் படித்து முடித்ததும் அவனுக்குப் போன் செய். அவனுக்கு ஷிஃப்ட் முடிவது உனக்குக் காலை நேரம், சரியாக இருக்கும். முதலில் அவன் உம் என்பான், ஆம் என்பான், அதற்குக் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே. கம்பெனி நிலைக்குமா என்று அவன் கேட்டால் தெரிந்ததைத் தெரியும் என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், விளம்பரத்தில் பேசுவது மாதிரி பேசாதே. அவன் குறட்டை விடுவான், அவனுக்குக் கூடத்தில் இடம் போடு. குளிருக்குக் கனமான போர்வை ஒன்று வாங்கி வை. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் காரை எங்கே செய்தாலும், ஆரோக்கியத்தோடும் நல்ல பெயரோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

கூப்பிட மறக்காதே. நான் சொல்லித்தான் கூப்பிட்டாய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா