முப்பது எண்ணும்வரை

மார்ச் 6, 1956. செவ்வாய். திருகோணமலை.

கா. 6 மணிக்கே வியர்வை. ஊரில், கெலமங்கலத்தில், இந்நேரம் போர்வை வேண்டியிருக்கும். கொண்டுவந்த கேழ்வரகு மாவில் வண்டு. சலித்து வெயிலில் வைத்தேன்.

மகன் சுந்தரத்துக்கு இங்கே துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா வேலை. இன்று அவன் சிநேகிதர் செல்லத்துரை வந்திருந்தார். கப்பலின் அடிப்பாகத்தை நீருக்குள் போய்ப் பார்ப்பவர். முதுகில் காற்றடைத்த இரும்புக் குடுவை, வாயில் குழாய். அரை மணி நேரம் கடலடியில் இருப்பாராம். எனக்கும் கட்டிவிட ஏற்பாடு.

"கெலமங்கலத்துல பாதிப் பேருக்கு நீச்சல் கத்துக்குடுத்தவரு எங்கப்பா" என்றான் மகன்.

"அப்ப எங்கட மீனுகளும் இனிப் பிழையில்லாமல் நீந்தும்" என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகு தன் அம்மா மங்கம்மா கிணற்றில் தவறி விழுந்ததை அவரிடம் சொன்னான். ஆறு வருஷம் ஆகிறது. அப்பா மூன்று தடவை முங்கினார், மூச்சு போதவில்லை என்றான். நான் கடிதத்தில் எழுதிய அதே வார்த்தைகள். தந்தி பார்த்து அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாளை இறங்கும் இடம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். நாலு ஆள் ஆழம்தானாம். நம் கிணறும் நாலு ஆள்.

மார்ச் 7. புதன்.

காற்றில்லை. கடல் தட்டையாக. கொண்டுபோனவை: துண்டு, மாற்று வேட்டி, சுக்கு.

வகுப்பில் டம்ளருக்குள் காகிதம் செருகி, கவிழ்த்து, வாளித் தண்ணீரில் அமுக்கிக் காட்டுவேன். காகிதம் நனையாது. இன்று அந்தக் காகிதம் நான்.

முதல் தடவை மூச்சை அடக்கிக்கொண்டே இறங்கினேன். முப்பது எண்ணியதும் மேலே வந்துவிட்டேன். "கிணத்தில முங்கிற மாதிரி அடக்கப்படாது, மாஸ்டர். இழுத்து விட்டுக்கொண்டே இருக்கோணும்" என்றார் செல்லத்துரை. கிணற்றில் பழகினவர்கள் எல்லாரும் முதலில் இப்படித்தானாம்.

இரண்டாம் தடவை ஒழுங்காக மூச்சு விட்டேன். குமிழ்கள் போவதைப் பார்த்தேன். காது வலித்து, சரியாயிற்று. அடியில் வெள்ளை மணல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சங்கு. கை நீட்டினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பதில் கால் தானாக உதைத்தது. மேலே படகு.

குடுவையில் பாதிக்குமேல் காற்று மிச்சம் என்றார் செல்லத்துரை.

மார்ச் 8. வியாழன்.

வலது காது அடைப்பு. வெளியே போகவில்லை. பழைய செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன்.

இதுவரை எங்கும் எழுதாதது. கிணற்றில் இரண்டாம் முங்கில் மங்கம்மாவின் சேலைக் கரை தெரிந்தது. அரக்குக் கரை. கை நீட்டினால் கிட்டும். முப்பதில் எழும்பிவிட்டேன். மூன்றாம் தடவை பாதி ஆழம்கூடப் போகவில்லை.

பக்கத்து நிலத்து முனியப்பா என்னைவிட மூத்தவர், பீடியில் கெட்ட நெஞ்சு. ஓடிவந்து ஒரே முங்கில் தூக்கிவந்தார். அதற்குள் நேரம் கடந்திருந்தது. அவருக்கும் ஒரு மூச்சுதான். அன்று ஒன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் சாப்பாடாயிற்றா என்பார் கன்னடத்தில், அவ்வளவே.

விடை தெரியாமல் விட்ட பையனும் தெரிந்தும் எழுதாதவனும் விடைத்தாளில் ஒன்றுபோலத்தான். இருவருக்கும் சுழியம் போட்டிருக்கிறேன். வித்தியாசம் எழுதாதவனுக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 9. வெள்ளி.

மேகம். மாவில் மறுபடி வண்டு.

காலையில் சுந்தரம் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம இன்னொரு தரம் போலாம்ப்பா. செல்லத்துரைகிட்ட சொல்லிட்டேன். போகப் போக மூச்சு பழகிடும்" என்றான்.

"சுந்தரா, அன்னிக்குக் கெணத்துல எனக்கு மூச்சு இருந்துச்சு."

நிமிர்ந்து பார்த்தான். ஒரு கால் கட்டியாயிற்று, மற்றது இல்லை. அப்படியே எழுந்து போனான். கயிறு மண்ணில் இழுபட்டது.

வழக்கமாக ஐந்துக்கு வருவான். மணி ஆறரை. களி கிண்டி வைத்தேன். ஆறிவிட்டது.